அசையும் நீரூற்றுச் சிற்பம்: புதுச்சேரி, கடலூர்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒரு பூங்காவையோ சாலைச் சந்திப்பையோ அழகுபடுத்தும் பேச்சு வந்தால், "அசைகிற மாதிரி, தண்ணீர் கொட்டுகிற மாதிரி ஏதாவது வைக்கலாமே" என்று யாராவது ஒருவர் சொல்வார். எனக்கு மிகவும் பிடித்த யோசனை அது. ஆனால் உப்புக் காற்றும் புயலும் அடிக்கிற, நிலத்தடி நீர் உப்பாகி வருகிற இந்தக் கரையில் அதைச் சரியாகச் செய்ய நிறைய யோசிக்க வேண்டியிருக்கிறது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

நீரூற்று தெரியும். அது என்ன "அசையும்" நீரூற்றுச் சிற்பம்?

வழக்கமான நீரூற்றில் சிலை நிற்கும், தண்ணீர் மட்டும் ஓடும். இசை நீரூற்றிலும் அப்படித்தான். பாட்டுக்கேற்ப, தண்ணீர் பீய்ச்சும் நாசில்கள் திறந்து மூடும், விளக்கு நிறம் மாறும், ஆனாலும் ஆடுவது தண்ணீர்தான். நாம் பேசுவதில் சிற்பத்தின் உடம்பே சுழலும், சாயும், தலையாட்டும், தண்ணீரை வாரி இறைக்கும். அந்த அசைவையும் சேர்த்துத்தான் சிற்பி வடிவமைக்கிறார். எனவே மோட்டார் நின்றால் பாதிச் சிற்பம்தான் மிச்சம். கீழே நான் பிடிவாதமாகச் சொல்லும் பல விஷயங்களுக்கு இதுதான் காரணம்.

எது அதை அசைக்கிறது? மோட்டார் இல்லாமல் முடியுமா?

மோட்டார் ஒரு வழி. காற்று இன்னொரு வழி. மூன்றாவது வழி தண்ணீரின் எடையே. எனக்கு மிகவும் பிடித்தது இந்த மூன்றாவதுதான்.

நியூசிலாந்தின் வெலிங்டன் நகரத்துக் கியூபா தெருவில் 1969லிருந்து ஒரு வாளி நீரூற்று இருக்கிறது. மேலிருந்து தண்ணீர் ஒரு வாளியில் விழும். நிரம்பியதும் எடை ஒரு பக்கம் கூடி வாளி கவிழும், கீழே உள்ள வாளி நிரம்பும், அதுவும் கவிழும். பம்பு செய்வது தண்ணீரை மேலே ஏற்றுவது மட்டும்தான். எந்த வாளி எப்போது கவிழும் என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியாது, வேடிக்கை பார்ப்பவர்கள் நனைவதும் உண்டு. கூட்டம் நிற்பதே அதற்காகத்தான்.

இன்னொரு வகை, தண்ணீரில் மிதந்து சுழலும் கல் உருண்டை. டன் கணக்கில் எடையுள்ள கருங்கல் உருண்டையை ஒரு சிறு பிள்ளை கையால் திருப்பிவிடும். எப்படி? உருண்டைக்கு அச்சாகப் பொருந்தும் கல் கிண்ணத்தில் அதை உட்கார வைத்து, அடியிலிருந்து தண்ணீரைச் செலுத்துவார்கள். ஒரு மீட்டர் விட்டமுள்ள உருண்டை சுமார் 1.4 டன் இருக்கும். கிண்ணத்தின் வாய் 60 செ.மீ. என்றால், அதைத் தூக்க அரை பார் அழுத்தம் போதும். பைக் டயரில் அடிக்கும் காற்றழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. கல்லுக்கும் கிண்ணத்துக்கும் நடுவே மெல்லிய தண்ணீர்ப் படலம் மட்டுமே இருப்பதால் உராய்வு அநேகமாக இல்லை. அமெரிக்காவில் ரிச்மண்ட் நகர அறிவியல் அருங்காட்சியக வாசலில் இருப்பது சுமார் 29 டன். இதில் பேரிங் கிடையாது, கிரீஸ் கிடையாது, துருப்பிடிக்கவும் எதுவும் இல்லை. ஆனால் தண்ணீரில் மணல் வரக்கூடாது. நுண்ணிய வடிகட்டி கட்டாயம்.

உலகத்தில் பெயர்பெற்ற உதாரணங்கள்?

முதலில் சொல்ல வேண்டியவர் சுவிட்சர்லாந்துச் சிற்பி ழான் திங்கேலி. பாசல் நகரத்தில் பழைய நாடக அரங்கை இடித்தபோது, அதன் மேடை இயந்திரங்களிலிருந்து கிடைத்த பாகங்களை எடுத்துப் பத்து உருவங்கள் செய்தார். 1977லிருந்து அவை ஆழமில்லாத ஒரு தொட்டியில் நின்று தண்ணீரை அள்ளுகின்றன, துப்புகின்றன, சலிக்கின்றன. அந்த மேடையில் நடித்தவர்களின் இடத்திலேயே இப்போது இரும்பு உருவங்கள் நடிக்கின்றன. ஊரின் பழைய பொருளை ஊரின் நடுவிலேயே புதுப் பிறவி எடுக்க வைத்தார் மனிதர். குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்து அவற்றின் மேலேயே பனிச் சிற்பங்கள் உருவாகிவிடும்.

1983ல் அவரும் சிற்பி நிக்கி த சான் ஃபாலும் சேர்ந்து பாரிஸில் பாம்பிடூ கலை மையத்துக்குப் பக்கத்தில் ஸ்ட்ராவின்ஸ்கி நீரூற்றை அமைத்தார்கள். மொத்தம் 16 உருவங்கள். கறுப்பு இயந்திரங்கள் திங்கேலியுடையவை, பளிச்சென்று வண்ணம் பூசியவை நிக்கியுடையவை. தொட்டிக்குக் கீழே தரைக்கடியில் ஓர் இசை ஆராய்ச்சி நிலையம் இருப்பதால் எடை கூடக்கூடாது. அதனால்தான் தொட்டி ஆழமில்லாமலும் உருவங்கள் இலேசாகவும் இருக்கின்றன. அந்த நெருக்கடியே அழகாக மாறியிருக்கிறது.

அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் 1937 பாரிஸ் கண்காட்சியில் தண்ணீருக்குப் பதில் பாதரசம் ஓடும் நீரூற்றை ஸ்பெயின் அரங்குக்காகச் செய்தார். அது இப்போது பார்சிலோனாவில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. பாதரச ஆவி நஞ்சு என்பதால் யாரும் கிட்டே போக முடியாது.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. நம் மரபில் உண்டா?

தாராளமாக உண்டு. நம் கோயில்கள் பலவற்றில் யாளியின் வாய்க்குள் ஒரு கல் உருண்டை கிடக்கும். விரலால் உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது. ஒரே கல்லுக்குள் செதுக்கி விடுவித்த உருண்டை அது. அதைத் தொட்டு உருட்டிப் பார்க்காத பிள்ளை தமிழ்நாட்டில் உண்டா? பார்ப்பவர் கைபட்டு அசைய வேண்டும் என்று நினைத்துச் செய்த சிற்பம்தான் அது. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையும் இந்தக் குடும்பம்தான்.

தண்ணீரோடு சேர்ந்தது என்றால் கிணற்றுநீர் இறைக்கும் ஏற்றம். நீண்ட மரம், ஒரு முனையில் தண்ணீர் அள்ளும் சால், மேலே முன்னும் பின்னும் நடக்கும் ஆள், கூடவே பாட்டு. சால் இறங்குவதும் நிரம்பி ஏறுவதும் கவிழ்வதும் அழகான அசைவு. பாகூர்ப் பக்கத்துக்கு ஒரு நீரூற்றுச் சிற்பம் வேண்டும் என்று யாராவது என்னிடம் கேட்டால், ஏற்றத்தைப் பார்த்துவிட்டு வரையுங்கள் என்றுதான் சொல்வேன். மரத்தால் ஏற்றம் மாதிரி ஒன்று செய்து நிறுத்தச் சொல்லவில்லை. அந்த எடைக் கணக்கை, அந்தத் தாளத்தை எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

புதுச்சேரிக்குத்தான் ஆயி மண்டபம் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?

ஆயி மண்டபம் இருப்பதால்தான் இன்னொன்று இங்கே பொருந்தும். பாரதி பூங்கா நடுவில் உள்ள அந்த வெள்ளை மண்டபம் புதுச்சேரி அரசின் சின்னம். அது எழுந்த காரணமே தண்ணீர்தான். ஊரில் சொல்லும் கதை இப்படி: ஆயி என்ற தாசியின் விளக்கேற்றிய மாளிகையைக் கோயில் என்று நினைத்து விஜயநகர மன்னர் கும்பிட்டுவிட்டார். உண்மை தெரிந்ததும் கோபத்தில் அதை இடிக்கச் சொன்னார். ஆயி கெஞ்சி, தானே இடித்து, அந்த இடத்தில் ஊருக்கு ஒரு குளம் வெட்டினாள். பிறகு பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் லமைரெஸ் என்ற பொறியாளர், அந்தக் குளம் இருந்த முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். அந்த நினைவாக எழுந்த மண்டபம் ஒரு பெண்ணின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தளபதிக்கும் ஆளுநருக்கும் சிலை வைத்த காலத்தில், தண்ணீர் கொடுத்தவளுக்கு எழுப்பிய மண்டபம். நான் இந்த ஊரைப் பற்றிப் பெருமையாகச் சொல்லும் முதல் விஷயம் இது.

கடலூர் மாவட்டத்துக்கும் சொந்தமாக ஒரு நீரூற்றுக் கதை இருக்கிறது. நெய்வேலிப் பக்கம் நிலத்தடி நீர் அழுத்தத்தோடு இருந்ததால், ஆழத் தோண்டினால் தண்ணீர் தானாகப் பொங்கி வரும். 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோதுதான் தண்ணீரோடு பழுப்பு நிலக்கரியும் வெளிப்பட்டது. பிறகு சுரங்கம் வெட்டுவதற்கே அந்த நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் வைக்கும் சிற்பம் இந்தக் கதையைச் சொல்லலாமே. அன்னமும் தாமரையும் எல்லா ஊரிலும்தான் இருக்கின்றன.

கடற்கரைச் சாலையிலோ சில்வர் பீச்சிலோ வைத்தால் எடுப்பாக இருக்குமே?

எடுப்பாக இருக்கும், சீக்கிரம் கெட்டும் போகும். நான் அங்கே வேண்டாம் என்பேன்.

கடலிலிருந்து வரும் உப்புத் துளி உலோகத்தில் படியும், பகலில் காயும், இரவு ஈரத்தில் மறுபடி கரையும். வருடம் முழுக்க இதே கதை. கேட் செய்யும் பட்டறைகளில் அதிகம் பயன்படுத்தும் எஸ்எஸ் 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கடலோரத்தில் பழுப்புக் கறை பிடிக்கும், பிறகு ஊசித்துளை விழும். 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் சேர்ந்த எஸ்எஸ் 316 மேலானது. அதையும் நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவ வேண்டும். இரண்டு வேறு உலோகங்களைச் சேர்த்துப் போல்ட் போட்டால், உப்பு ஈரத்தில் ஒன்று மற்றொன்றைத் தின்னும். அலுமினியத் தகட்டில் எஸ்எஸ் போல்ட் போட்ட இடங்களில் வெள்ளைப் பொடி பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நடுவே நைலான் வாஷர் வைத்தால் தப்பிக்கலாம்.

சாதாரண பால் பேரிங் (இரும்புக் குண்டுகள் உருளும் பேரிங்) தண்ணீருக்கும் உப்புக்கும் ஆகாது. தண்ணீரையே எண்ணெயாக எடுத்துக்கொள்ளும் பிளாஸ்டிக் புஷ் (தண்டைத் தாங்கும் உறை) உண்டு, படகுத் தண்டுகளில் ரப்பர் புஷ் போடுவார்கள். மெதுவாகச் சுற்றும் சிற்பத்துக்கு அவை பொருத்தம்.

கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே, கட்டடமோ மரமோ காற்றைத் தடுக்கும் இடமாகப் பாருங்கள். புதுச்சேரியில் தாவரவியல் பூங்கா ஓரம் நல்ல இடம். பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கம் என்பதால் சுற்றுலாக்காரர் மட்டுமல்லாமல் பஸ்ஸுக்குக் காத்திருப்பவரும் பார்ப்பார்.

புயல் வந்தால்?

வரும் என்று வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே மணிக்கு 120 முதல் 140 கி.மீ. வேகக் காற்றோடு கரை கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது.

கட்டடங்களுக்கான ஐஎஸ் 875 விதித்தொகுப்பு புதுச்சேரிக்கு அடிப்படைக் காற்று வேகமாக வினாடிக்கு 50 மீட்டர் என்கிறது. மணிக்கு 180 கி.மீ. அந்த வேகத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர் தகட்டிலும் சுமார் 150 கிலோ அளவுக்குத் தள்ளு விசை இருக்கும். நான்கு சதுர மீட்டர் இறக்கை என்றால் 600 கிலோ. சாதாரண மாலைக் கடல்காற்று 30 கி.மீ. என்றால், புயலில் வேகம் ஆறு மடங்கு, விசை 36 மடங்கு. எனவே அசையும் கைகளை மடக்கிப் பூட்டுவதற்குப் பூட்டுக் கம்பி (பின்) இருக்க வேண்டும், இருவர் அரை மணி நேரத்தில் பூட்டிவிட வேண்டும். மோட்டாரும் கன்ட்ரோல் பேனலும் வெள்ளம் ஏறாத உயரத்தில் இருக்க வேண்டும். தரைக்கடியில் பம்பு அறை என்பது படத்தில் அழகு. பெஞ்சல் மாதிரி ஒரு மழையில் அந்த அறை மூழ்கிவிடும்.

குடிக்கவே தண்ணீர் தேடும்போது நீரூற்றா?

நியாயமான கேள்வி. ஒரே தண்ணீரைத்தான் பம்பு சுற்றிச் சுற்றி விடும். இழப்பு இரண்டு வழியில்: ஆவியாதல், காற்றில் சிதறுதல். பத்து மீட்டர் விட்டமுள்ள தொட்டியில் வெயில் காலத்தில் நாளுக்கு 6 மி.மீ. ஆவியானால் சுமார் 470 லிட்டர். சிதறல் இதைவிட அதிகமாகிவிடக்கூடும். அதைக் குறைக்க, மேலே பீய்ச்சும் தாரையின் உயரத்தைவிடத் தொட்டியின் ஆரம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காற்றை அளக்கும் கருவி வைத்து, காற்று கூடினால் தாரை தானாகத் தாழும்படி செய்ய வேண்டும்.

போர்வெல் போட்டு நிரப்புவதற்கு நான் எதிரி. இந்தக் கரையில் அளவுக்கு மீறி உறிஞ்சியதால்தான் கடல்நீர் உள்ளே ஏறுகிறது. உப்பேறிய போர்த் தண்ணீர் சிற்பத்துக்கும் கேடு. பக்கத்துக் கட்டடக் கூரைகளில் விழும் மழையைச் சம்ப்பில் சேர்த்துப் பயன்படுத்துவதுதான் சரி. மே மாதத்தில் சம்ப் வற்றினால் தாரைகளை நிறுத்திவிட்டு அசைவை மட்டும் ஓடவிடலாம். அப்போதும் பார்க்க நன்றாக இருக்கிற மாதிரி வடிவமைக்கச் சொல்லிச் சிற்பியிடம் முதலிலேயே கேளுங்கள்.

கரண்ட் பில் எகிறுமா?

பயப்படும் அளவுக்கு இல்லை. வினாடிக்குப் பத்து லிட்டரை ஐந்து மீட்டர் உயர்த்த, பம்பின் இழப்பையும் சேர்த்துச் சுமார் ஒரு கிலோவாட். ஒரு நாளில் ஆறு மணி நேரம் ஓடினால் 6 யூனிட்.

கொசு?

ஓடும் தண்ணீரில் வராது, நின்ற தண்ணீரில் நிச்சயம் வரும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். நம் ஊர்ச் சூட்டில் ஏழு முதல் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். பம்பு பழுதானால் அன்றே தொட்டியைக் காலி செய்ய வேண்டும். சிற்பத்தின் குழிவுகள் ஒவ்வொன்றிலும் நீர் வடியத் துளை இருக்க வேண்டும். இதை யாரும் வரைபடத்தில் பார்ப்பதில்லை.

பிள்ளைகள் இறங்கி விளையாடினால் ஆபத்தா?

இறங்குவார்கள். தடுப்பதைவிட, இறங்கினாலும் ஒன்றும் ஆகாதபடி செய்வது மேல். தண்ணீருக்குள் இருக்கும் விளக்கு 12 வோல்ட்டில்தான் இருக்க வேண்டும். மின் இணைப்புக்கு, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டை நிறுத்தும் ஆர்சிசிபி சுவிட்ச் கட்டாயம். கையும் காலும் எட்டும் உயரத்தில் பல்சக்கரமோ, கத்தரி மாதிரி மூடும் இடமோ வரக்கூடாது. ஒரு விரல் மாட்டும் இடைவெளி எங்கெங்கே இருக்கிறது என்று சிற்பம் முழுக்கத் தடவிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. 25 முதல் 45 டிகிரி வரை வெதுவெதுப்பான தண்ணீரில் லீஜியோனெல்லா என்ற கிருமி வளரும். நம் ஊரில் வருடம் முழுக்க அந்தச் சூடுதான். நீர்த்துளிப் புகையை மூச்சில் இழுத்தால் கடும் நிமோனியா வரலாம், வயதானவர்களுக்கு அதிக ஆபத்து. வெளிநாடுகளில் அலங்கார நீரூற்றுகளால் இப்படி நோய் பரவியதுண்டு. தினமும் குளோரின் அளவைச் சோதித்து எழுதி வைக்க வேண்டும். பனிப்புகை மாதிரி தெளிக்கும் நாசில்களைவிடப் பெரிய துளிகளாக விழும் தண்ணீர் நல்லது. கவிழும் வாளியை நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உள்ளூரில் செய்ய முடியுமா, வெளியிலிருந்து வரவழைக்க வேண்டுமா?

உள்ளூரில் முடியும் என்று உறுதியாகச் சொல்வேன். புதுச்சேரியின் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளில் லேத், வெல்டிங் வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது, சிற்பம் படித்த பிள்ளைகள் அங்கிருந்து வருகிறார்கள். எல்லோரும் மறந்துவிடும் ஒரு கூட்டம் உண்டு: தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலும் கடலூர் முதுநகரிலும் விசைப்படகு எஞ்சின் பார்க்கும் மெக்கானிக் அண்ணன்கள். உப்புத் தண்ணீரில் சுழலும் தண்டு எங்கே தேயும், எந்த சீல் ஒழுகும் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். வரைபடம் முடிவதற்கு முன்னால் அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், அதற்குக் கூலியும் கொடுங்கள்.

எவ்வளவு செலவாகும்?

கட்டும் செலவை மட்டும் சொல்லும் மதிப்பீட்டை ஏற்காதீர்கள். பத்து வருடம் ஓட்டும் செலவையும் சேர்த்துக் கேளுங்கள். கையிலிருக்கும் பணத்துக்குப் பத்து அசைவுள்ள சிற்பம் கிடைக்கும் என்றால், மூன்று அசைவோடு நிறுத்திக்கொண்டு மிச்சத்தைப் பராமரிப்புக்கு வையுங்கள்.

ஓடாமல் நின்றுவிட்டால்?

நான் அதிகம் கவலைப்படுவது இதற்குத்தான். திறப்பு விழாவுக்கு எல்லோரும் வருவார்கள், முதல் பேரிங் போகும்போது யாரும் இருக்க மாட்டார்கள். பாரிஸ் ஸ்ட்ராவின்ஸ்கி நீரூற்றே பழுதாகி, 2022, 2023ல் பெரிய அளவில் சீர்செய்துதான் மறுபடி ஓடியது. அவ்வளவு பெரிய நகரத்துக்கே அந்தக் கதி என்றால் நாம் தொடக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும். தேயும் பாகங்களில் இரண்டு செட் உபரியாக வாங்கி வைக்க வேண்டும். முழு வரைபடமும் நகராட்சி அலுவலகத்திலும் சிற்பியிடமும் இருக்க வேண்டும். தினமும் பார்க்க ஓர் ஆள், அவருக்கு மாதச் சம்பளம். "பராமரிப்பு: சம்பந்தப்பட்ட துறை" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் அது யாருடைய வேலையும் இல்லை.

பழுதானால் கழற்றிப் போட்டுவிடலாமா?

சட்டப்படி அவ்வளவு எளிதல்ல. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆவது பிரிவு, தன் படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையைப் படைத்தவருக்குத் தருகிறது. டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979ல் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள், பல பகுதிகள் சேதமாயின. அவர் வழக்குப் போட்டார். 2005ல் டெல்லி உயர் நீதிமன்றம் மிச்சமிருந்ததை அவரிடம் ஒப்படைக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. எனவே ஒப்பந்தத்திலேயே, சரிசெய்ய முடியாமல் போனால் என்ன செய்வது, யாரைக் கேட்பது என்று எழுதிவிடுவது இரு பக்கத்துக்கும் நல்லது.

எந்த நேரத்தில் ஓட வேண்டும்?

காலை நடைக்கு வருபவர்களுக்காக ஐந்தரையிலிருந்து எட்டு வரை, மாலை ஐந்திலிருந்து எட்டரை வரை. மதியம் வேண்டாம். வெயிலில் தண்ணீர்தான் வீணாகும், பார்க்கவும் ஆள் இருக்காது. வாரத்தில் ஒரு நாள் காலை பராமரிப்புக்கு. அதைத் தகரம் அடித்து மறைக்காமல், கயிறு மட்டும் கட்டி எல்லோரும் பார்க்கச் செய்யலாம். புஷ்ஷைக் கழற்றிக் காட்டும்போது பக்கத்துப் பள்ளி ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டு நிற்க வையுங்கள். ஏன் தேய்ந்தது என்று மெக்கானிக்கே அவர்களுக்குச் சொல்லட்டும்.